சிறு படகில் காட் வேட்டை: நங்கூரமா, மிதந்து போவதா, மூழ்கிய கப்பலா?

ஐந்தரை, ஆறு மீட்டர் நீளத்தில் சொந்தப் படகு. பின்னால் ஓர் அவுட்போர்டு இன்ஜின். ஏறுவது இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று பேர். காற்று அடங்கிய நாள் ஒன்று வாய்த்திருக்கிறது. வட அட்லாண்டிக் கரைகளில் காட் மீனுக்குக் கிளம்புகிறவர்களுக்கு அப்போது மூன்று வழிகள் இருக்கின்றன. கரைக்குப் பக்கத்திலேயே நங்கூரம் போட்டு, இரை கோத்துக் காத்திருக்கலாம். பார் (கடலடியில் எழும் மேடு) இருக்கும் இடத்துக்குப் போய் இன்ஜினை நிறுத்திவிட்டு, நீரோட்டம் கொண்டுபோகும் போக்கில் மிதந்தபடி ஜிக், அதாவது ஆட்டி ஆட்டி மீனை ஈர்க்கும் உலோகச் செயற்கை இரை, போடலாம். இல்லையென்றால் பதினைந்து, இருபது கடல் மைல் வெளியே ஓடி, அடியில் கிடக்கும் பழைய கப்பல் ஒன்றைக் கண்டுபிடித்து அதன் மேல் தூண்டில் இறக்கலாம்.

எது நல்லது என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் மீனை வைத்தே பதில் சொல்வார்கள். எங்கே பெரிதாகக் கிடைக்கும், எங்கே அதிகமாகக் கிடைக்கும் என்று. பதினைந்து பேரை ஏற்றும் பெரிய படகில் போகிறவர்களுக்கு அந்தப் பதில் போதும். சிறு படகுக்காரர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இந்தப் படகு, இந்த நீரோட்டத்தில், இத்தனை கைகளை வைத்துக்கொண்டு எதைச் செய்ய முடியும்? என் வரிசை இது: மிதந்து போவது முதலில், நங்கூரம் இரண்டாவது, தூரத்துக் கப்பல் கடைசி. ஆனால் கடலடி மணலாகவும் தண்ணீர் கலங்கலாகவும் இருக்கிற இடங்களில் முதல் இரண்டும் இடம் மாறிவிடும். அது ஏன் என்று சொல்வதற்கு முன் மீனைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்.

காட் தரையை ஒட்டி வாழும் மீன். கீழ்த்தாடையில் தொங்கும் ஒற்றை மீசையால் தரையைத் தடவி இரை தேடும். நண்டு, இறால், புழு, கணவாய், சின்ன மீன், சொந்த இனத்துக் குஞ்சு என்று வாய்க்குள் அடங்கும் எதையும் விடாது. இந்தப் பெருந்தீனிப் புத்திதான் நமக்கு வாய்ப்பு. கலங்கல் தண்ணீரில் அது மணத்தையும் மீசையையும் நம்பி இரை தேடும். தெளிந்த தண்ணீரில் கண்ணை நம்பும். வட கடலின் தென்பகுதியிலும் ஆற்று முகத்துவாரங்களிலும் தண்ணீர் தேநீர் நிறத்தில் இருக்கும். அங்கே பளபளக்கும் உலோக ஜிக்கை நாள் முழுக்க ஆட்டினாலும் பெரிதாக ஒன்றும் நடக்காது. புழுவும் கணவாயும் மணம் பரப்பிக்கொண்டு தரையில் கிடக்க வேண்டும். மலைகளுக்கு நடுவே நிலத்துக்குள் நீளும் நார்வேயின் ஃபியோர்டுகளிலோ தண்ணீர் தெளிவு. அங்கே அசையும் பொருளைப் பார்த்தே பாய்ந்து வரும்.

பருவமும் தேர்வை மாற்றும். பேரண்ட்ஸ் கடலில் வளரும் காட் கூட்டம் முட்டையிடுவதற்காக ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை லோஃபோட்டன் தீவுகளை நோக்கி வருகிறது; நார்வேக்காரர்கள் அதை ஸ்க்ரெய் என்கிறார்கள். அந்தக் கூட்டம் பல நேரம் தரையில் இருக்காது. மேலே உள்ள குளிர்ந்த நீரும் கீழே உள்ள சற்று வெதுவெதுப்பான நீரும் சந்திக்கும் அடுக்கில், நடுத்தண்ணீரில் தொங்கும். ஒலி அனுப்பி ஆழத்தையும் மீனையும் திரையில் காட்டும் எக்கோ கருவியில் தரைக்கு முப்பது நாற்பது மீட்டர் மேலே தடித்த பட்டையாகத் தெரியும். அங்கே நங்கூரம் போட்டுத் தரையில் இரை வைத்தால், மீனுக்குக் கீழே கடை விரித்த மாதிரி. இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் கதை தலைகீழ். குளிர்காலத்தில் மீன் கரையை ஒட்டி, பத்து இருபது மீட்டர் ஆழத்துக்கே வரும். வரும் என்று சொல்வதைவிட, வந்துகொண்டிருந்தது என்பது சரி. தென்பகுதியில் கடல் சூடேறியதும் அளவுக்கு மீறிப் பிடித்ததும் சேர்ந்து காட் கூட்டத்தை மெலிய வைத்துவிட்டன. அங்கே நங்கூரம் போடுகிறவர் ஒயிட்டிங் மீனோடும் சின்னச் சுறாவோடும் திரும்பவும் மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ள வேண்டும்.

நங்கூரம் போட்டால்

நங்கூரத்தின் பெரிய வசதி, மீன் உங்களைத் தேடி வருவது. இரையின் மணத்தை நீரோட்டமே இழுத்துக்கொண்டு போய் நூறு இருநூறு மீட்டருக்குப் பரப்பும். தண்ணீர் ஓட ஓடத்தான் இந்த முறை வேலை செய்யும். நின்ற தண்ணீரில் கடி நின்றுபோகும். ஒரே இடத்தில் இருப்பதால் எரிபொருள் மிச்சம். கை மரத்துப்போகும் குளிரில் தூண்டிலைத் தாங்கியில் சாய்த்துவிட்டு உட்காரலாம் என்பது சின்ன விஷயமல்ல.

ஆழம் குறைந்த இடத்தில் ஒரு சிக்கல் உண்டு. படகின் அடியில் அலை அறையும் ஓசை, பெட்டியை நகர்த்தும் ஓசை, தளத்தில் ஈயக்குண்டு விழும் ஓசை எல்லாம் தண்ணீருக்குள் நன்றாகக் கேட்கும். படகுக்கு நேர் கீழே மீன் நிற்காமல் இருபக்கமும் விலகிப் போகும். இதற்கு எஸ்ஸெக்ஸ் கரையில் ஒரு முறை உருவானது. கம்பி நகங்கள் பொருத்திய ஈயக்குண்டை, படகிலிருந்து விலக்கி, நீரோட்டம் வரும் திசை நோக்கி வீசுவது. ஈயம் நூற்றைம்பதிலிருந்து இருநூறு கிராம் வரை. தூண்டில் கழி மூன்று மீட்டர் பக்கம். ஈயம் தரையைத் தொட்டதும் தூண்டில் நரம்பை இறுக்கக் கூடாது. ஆழத்தின் அளவுக்கு இன்னும் கொஞ்சம் நரம்பை விட்டுக் கொடுத்தால், நீரோட்டம் அதை வில்லாக வளைக்கும். அந்த வளைவின் இழுப்பில்தான் நகங்கள் மணலில் ஊன்றும்.

கடிப்பது எப்படித் தெரியும் என்பது இந்த முறையின் அழகு. கழி நுனி இரண்டு மூன்று முறை தலையாட்டும். பிறகு சட்டென்று நிமிர்ந்து நரம்பு தொய்யும். புதியவர் மீன் போய்விட்டது என்று நினைத்துக் கழியைத் தாங்கியிலேயே விட்டுவிடுவார். உண்மையில் மீன் இரையை எடுத்து ஈயத்தைப் பிடுங்கிக்கொண்டு நீரோட்டத்தோடு படகை நோக்கி வருகிறது. நகம் பிடுங்கும் அந்த எதிர்ப்பிலேயே முள் ஏறியிருக்கும். செய்ய வேண்டியது ஒன்றுதான்: தொய்வு முழுக்க அடங்கி எடை தெரியும் வரை வேகமாகச் சுற்றுவது. இழுத்து அடிக்கத் தேவையில்லை.

இரை விஷயத்தில் சோம்பல் ஆகாது. மண்புழு போன்ற கடல் புழுவும் கணவாய்த் துண்டும் சேர்த்துக் கோப்பது வழக்கம். பெரிய இரை என்றால் ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு முள். இருபது நிமிடத்தில் நண்டுகள் அதைச் சக்கையாக்கிவிடும். மணம் போன இரையைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு மீன் இல்லை என்று குறை சொல்கிறவர்கள் எல்லாத் துறைமுகத்திலும் உண்டு.

இனி இந்த வழியின் இருண்ட பக்கம். சிறு படகை மூழ்கடிக்கும் காரணங்களில் நங்கூரம் முக்கியமானது. ஓடும் தண்ணீரில் கயிறு எப்போதும் படகின் முன்முனையில்தான் கட்டப்பட வேண்டும். பின்பக்கம் தாழ்வு, இன்ஜின் எடையும் அங்கேதான். பின்பக்கம் கட்டிய கயிற்றை நீரோட்டம் இழுத்தால் தண்ணீர் உள்ளே வர ஒரு அலை போதும். சங்கிலி குறைந்தது படகின் நீளமாவது இருக்க வேண்டும். கயிறு ஆழத்தைப் போல மூன்று மடங்காவது விட வேண்டும். அலை இருந்தால் நான்கு, ஐந்து மடங்கு. ஏற்றத்தில் தண்ணீர் உயர்வதையும் கணக்கில் சேர்க்க மறந்துவிடக் கூடாது. காலையில் பதினைந்து மீட்டராக இருந்தது நண்பகலில் பத்தொன்பதாக ஆனால், போட்ட கயிறு போதாமல் நங்கூரம் உழ ஆரம்பிக்கும்.

எடுப்பது இன்னொரு வேலை. இரண்டு நாட் (நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) ஓட்டத்தில் கையால் இழுத்து எடுப்பது இரண்டு பேருக்கு முதுகொடியும் வேலை. அதனால் கயிற்றில் ஒரு வளையத்தோடு பெரிய மிதவையைப் பூட்டி, படகை நீரோட்டத்துக்கு எதிராக, கயிற்றுக்குச் சற்று சாய்வாக ஓட்டுவார்கள். படகின் இழுப்பும் மிதவையின் மிதப்பு விசையும் சேர்ந்து நங்கூரத்தைத் தரையிலிருந்து பிடுங்கி மேலே தூக்கும்; சங்கிலி வளையத்துக்குள் ஓடி, நங்கூரம் மிதவையின் கீழே வந்து தொங்கும். பிறகு திரும்பி வந்து கயிற்றைச் சுருட்டிக்கொள்ளலாம். பார்க்க எளிது. கயிறு இன்ஜின் காற்றாடியில் சிக்கினால் அதே நொடியில் நீங்கள் பின்பக்கமாக நங்கூரமிட்ட படகில் இருக்கிறீர்கள். முன்முனையில் கத்தி ஒன்று எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். பாறையில் சிக்கினாலும் வழி உண்டு: சங்கிலியை நங்கூரத்தின் தலைப்பக்கத்தில் நேரடியாகக் கட்டாமல் அடிப்பக்கத்தில் பூட்டி, தலைப்பக்கத்தை ஒரு பிளாஸ்டிக் டையால் மட்டும் இணைப்பது. பலமாக இழுத்தால் டை அறுந்து, நங்கூரம் பின்பக்கமாகக் கழன்று வரும். இதையெல்லாம் அமைதியான நாளில், தூண்டில் எதுவும் எடுக்காமல் ஒத்திகை பார்த்தவர்களுக்குத்தான் நங்கூர வழி.

மிதந்து போனால்

இங்கே கயிறு கிடையாது, சிக்கல் பாதி குறைவு. ஏதாவது தப்பாகத் தெரிந்தால் தூண்டிலைச் சுற்றிவிட்டு இன்ஜினைத் தட்டினால் போதும், ஒரு நிமிடத்தில் கிளம்பிவிடலாம். சிறு படகுக்கு இந்த வழியை நான் முதலில் வைப்பதற்கு இது ஒன்றே போதுமான காரணம். அடுத்த காரணம், தேடும் சக்தி. நங்கூரம் போட்டவர் ஒரு புள்ளியில் பந்தயம் கட்டுகிறார். மிதக்கிறவர் அரை மைல் நீளத்துக்குத் தரையைச் சல்லடை போடுகிறார்.

இடம் தேர்வதுதான் எல்லாம். முப்பது மீட்டர் தரை திடீரென்று இருபதுக்கு ஏறும் பார், அதன் விளிம்பு, கூழாங்கல் தரை மணலாக மாறும் எல்லை, கடற்பாசிக் காட்டின் வெளி ஓரம். எக்கோவில் தரைக்கோடு தடித்து மேலே புள்ளிகள் சிதறித் தெரிந்தால் சின்ன மீன் கூட்டம்; அதன் கீழே காட் இருக்க வாய்ப்பு உண்டு. முதல் மிதப்பில் கடி வந்த இடத்தை ஜிபிஎஸ்ஸில் குறித்துக்கொண்டு, அடுத்த முறை நீரோட்டம் வரும் பக்கமாக அதற்கு நூறு மீட்டர் முன்னாலிருந்து தொடங்க வேண்டும். திரும்பிப் போகும்போது பாரின் மேலேயே இன்ஜினை ஓட்டிக்கொண்டு போகாமல் அகலமாகச் சுற்றிப் போவது நல்ல பழக்கம், குறிப்பாக ஆழம் இருபது மீட்டரைவிடக் குறைவாக இருந்தால்.

தூண்டில் எளிமை. மெல்லிய பின்னல் நரம்பு, அதன் நுனியில் ஓரிரு மீட்டர் தடித்த நைலான், கடைசியில் ஒரு ஜிக் அல்லது ஈயத்தலை வைத்த ரப்பர் மீன். எடையை ஆழமும் ஓட்டமும் முடிவு செய்யும். முப்பது மீட்டருக்கு நூறு நூற்றைம்பது கிராம், எண்பதுக்கு முந்நூறு. தரையைத் தொட்ட "டக்" கையில் தெரிந்ததும் இரண்டு சுற்று மேலே எடுத்துவிட வேண்டும். பிறகு கழியை மெதுவாக ஒரு மீட்டர் உயர்த்தி, நரம்பு தொய்யாமல் இறக்குவது. காட் பெரும்பாலும் இறங்கும்போதுதான் கவ்வும். வர வேண்டிய "டக்" வராமல் ஜிக் நடுவழியில் நின்றால், அது தரையல்ல. உடனே தூக்குங்கள்.

மிதப்பு வேகம்தான் இந்த வழியின் உயிர்நாடி. அரை நாட்டிலிருந்து ஒன்றரை நாட் வரை அருமை. இரண்டைத் தாண்டினால் நரம்பு சாய்ந்து, தரையோடு தொடர்பு போய்விடும்; எடையைக் கூட்டிக்கொண்டே போனால் கை ஓய்ந்துவிடும். வேகத்தைக் குறைக்கத் தண்ணீரில் விரியும் பாராசூட் துணி ஒன்றைப் படகின் பக்கவாட்டில் கட்டித் தொங்கவிடுவார்கள். இதில் ஒரு தவறான நம்பிக்கை பரவலாக உண்டு. அந்தத் துணி, காற்று படகைத் தள்ளும் வேகத்தை மட்டுமே குறைக்கும். நீரோட்டத்தின் வேகத்தை அதனால் தொடவே முடியாது. துணியும் அதே தண்ணீரோடுதானே போகிறது. நீரோட்டம் மூன்று நாட் என்றால் எவ்வளவு பெரிய துணி போட்டாலும் மூன்று நாட்தான். அந்த நாளில் மிதப்பு உதவாது. நங்கூரத்துக்குத் திரும்ப வேண்டும், இல்லை வீட்டிலேயே இருக்க வேண்டும்.

ஆகவே நாள் பார்ப்பது அவசியம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீரோட்டம் வலுக்கும். அரை நிலா நாட்களை ஒட்டித் தளரும். தளர்ச்சி ஓரிரு நாள் தாமதமாகவே உச்சத்துக்கு வருவதால், அஷ்டமி நவமியில் நல்ல காரியம் வேண்டாம் என்று காலண்டரைப் புரட்டுகிறவர்கள்கூட மிதந்து காட் பிடிக்க அந்த இரண்டு நாளையும் அதன் மறுநாளையும் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுக்கலாம். நங்கூரக்காரருக்கு இடைப்பட்ட நாட்கள் பிடிக்கும். ஓட்டம் கொஞ்சம் இருந்தால்தான் மணம் பரவும்.

மிதப்பின் குறைகள் இரண்டு. கடினத் தரையில் ஜிக் போய்க்கொண்டே இருக்கும். ஒரு பெட்டி நிறைய எடுத்துக்கொண்டு போய் பாதியைக் கடலுக்குக் காணிக்கையாக்கி வருவது சாதாரணம். மூன்று முள் உள்ள கொக்கியைக் கழற்றிவிட்டு ஒற்றை முள் போட்டால் சிக்குவது குறையும். இரண்டாவது, படகு அலைக்குப் பக்கவாட்டாக நிற்கும். ஆட்டம் அதிகம், குமட்டல் வருகிறவருக்கு நங்கூரத்தைவிட இது கடினம். கழியை நாள் முழுக்கக் கையில் பிடித்திருப்பதும் எல்லோருக்கும் ஒத்துவராது.

மூழ்கிய கப்பலைத் தேடிப் போனால்

இதன் கவர்ச்சி எனக்கும் புரிகிறது. வெறும் மணல்வெளியில் கிடக்கும் இரும்புக் கூடு சுற்றுவட்டாரத்து மீனையெல்லாம் இழுத்து வைத்திருக்கும். உலகப் போர்களில் மூழ்கிய கப்பல்கள் ஆங்கிலக் கால்வாயிலும் வட கடலிலும் ஏராளம். இருப்பிடம் கடல் வரைபடத்திலேயே குறிக்கப்பட்டிருக்கும். கரையோரத்தில் கிடைப்பதைவிடத் தடித்த மீன் அங்கே உண்டு என்பதும் உண்மை. ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். இருபது மைல் போக ஒன்றரை மணி நேரம், திரும்ப அதே. கப்பலின் மேல் நன்றாகத் தூண்டில் போட முடிவது, நீரோட்டம் திசை மாறும் முன் தண்ணீர் நிற்கும் நேரத்தை ஒட்டிய முக்கால் மணி, ஒரு மணி. கப்பல் எழுபது மீட்டர் நீளம் என்றால், ஒரு நாட் வேகத்தில் மிதக்கும் படகு இரண்டரை நிமிடத்தில் அதைக் கடந்துவிடும். பிறகு திரும்ப ஓட்டி வந்து வரிசையில் நிற்க வேண்டும். நாளில் பாதி ஓட்டுவதிலேயே போகும்.

எரிபொருளில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு கையிருப்பு என்பது பழைய விதி. சிறு படகின் தொட்டியை வைத்துப் பார்த்தால் பல கப்பல்கள் இந்த விதிக்கு வெளியே விழுந்துவிடும். ஒற்றை இன்ஜின் நின்றால் அந்தத் தூரத்தில் நங்கூரமும் உதவாது. ஆழம் அறுபது மீட்டர் என்றால் நூற்றெண்பது மீட்டர் கயிறு வேண்டும், யார் வைத்திருக்கிறார்கள்? கையில் பிடிக்கும் விஎச்எஃப் ரேடியோ ஐந்தாறு வாட் சக்தியில், தண்ணீர் மட்டத்திலிருந்து பேசும்போது, அவ்வளவு தூரம் கரைக்குக் கேட்கும் என்று நம்ப முடியாது. உயரமான கம்பியோடு பொருத்திய இருபத்தைந்து வாட் கருவி வேண்டும். உங்கள் இடத்தைச் செயற்கைக்கோளுக்குச் சொல்லும் 406 மெகாஹெர்ட்ஸ் அவசரக் கருவி உடம்போடு இருக்க வேண்டும்.

இன்னும் ஒன்று. காட் மீனின் காற்றுப்பைக்கு வாய் வழியாகத் திறப்பு கிடையாது. ஆழத்திலிருந்து வேகமாக ஏற்றினால் உள்ளே இருக்கும் வாயு விரிந்து, பை உப்பிவிடும் அல்லது கிழிந்துவிடும். அறுபது மீட்டரிலிருந்து வந்த குட்டி மீனை விட்டுவிட்டாலும், அது வயிறு மேலாக மிதந்து கடற்பறவைக்கு இரையாவதைப் பார்க்க வேண்டியிருக்கும். ஆழம் குறைந்த பாரில் பிடித்தது, உதட்டில் மட்டும் முள் ஏறியது என்றால், அதே மீன் வாலை அடித்துவிட்டுக் கீழே போகும். நங்கூர வழியில் ஆழம் குறைவு, ஆனால் இரையோடு முள்ளைத் தொண்டை வரை விழுங்கிவிடும் தொல்லை உண்டு. கழியைப் பார்த்துக்கொண்டே இருந்து உடனே சுற்றுவது, வட்ட முள் போடுவது இரண்டும் அதைக் குறைக்கும்.

இது இரக்கம் சார்ந்த விஷயம் மட்டுமல்ல. சட்டமும் குறுக்கே வருகிறது. பிரிட்டனில் 35 சென்டிமீட்டருக்குக் குறைந்த காட்டை வைத்துக்கொள்ளக் கூடாது. நார்வேயில் 62 டிகிரி அட்சரேகைக்கு வடக்கே 44, தெற்கே 40 சென்டிமீட்டர். நார்வேயின் தென்கிழக்கில், டெலிமார்க்கிலிருந்து சுவீடன் எல்லை வரை, 2019 முதல் காட் பிடிக்கவே தடை; ஆஸ்லோ ஃபியோர்டு முழுக்க அதற்குள் வருகிறது. பால்டிக் கடலின் மேற்குப் பகுதியிலும் 2024 முதல் பொழுதுபோக்குத் தூண்டிலுக்குக் காட் இல்லை. நியூஃபவுண்ட்லாந்தில் 1992-இல் வணிகப் பிடிப்பை நிறுத்திய பிறகு, தங்கள் சாப்பாட்டுக்குப் பிடிக்கிறவர்களுக்குக் குறிப்பிட்ட நாட்களில் ஆளுக்கு ஐந்து மீன், படகில் மூன்று பேருக்கு மேல் இருந்தாலும் பதினைந்து மீன் என்று வரம்பு வந்தது. ஐந்து மீன் போதுமென்றால் இருபது மைல் ஓட வேண்டிய தேவை என்ன? விதிகள் ஆண்டுதோறும் மாறுகின்றன. கிளம்பும் வாரத்தில் அந்தந்த நாட்டு மீன்வளத் துறையின் அறிவிப்பைப் பார்த்துவிடுவது நல்லது.

கப்பல்தான் வேண்டும் என்று மனம் அடம்பிடித்தால், அதற்கென்றே தொழில் செய்யும் பெரிய வாடகைப் படகில் இடம் பிடித்துப் போய்வாருங்கள். சொந்தப் படகை வைத்துக்கொண்டு காசு கொடுத்துப் போவதா என்று கூச்சப்படுகிறவர்கள் உண்டு. அந்தக் கேப்டன் மிதப்பை எப்படி வரிசைப்படுத்துகிறார், எந்த நிமிடம் தூண்டிலை மேலே எடுக்கச் சொல்கிறார் என்று பக்கத்தில் நின்று பார்ப்பதற்கே அந்தக் காசு தகும்.

பெரிய மீன் ஆசைக்காகவும் தூரம் போகத் தேவையில்லை. தூண்டிலில் பிடித்த காட்டுக்கான உலக சாதனை எடை 47.02 கிலோ, 2013-இல் வட நார்வேயின் சோரோயா தீவுப் பக்கம் கிடைத்தது. அங்கெல்லாம் தரை கரையிலிருந்தே செங்குத்தாக இறங்கும். வீடுகள் கண்ணில் படும் தூரத்திலேயே நூறு மீட்டர் ஆழம் இருக்கும். சிறு படகில் பெரிய காட் வேண்டுமென்றால், தட்டையான கடலில் தூரம் ஓடுவதைவிட ஆழம் கரைக்கு வரும் இடத்துக்கு ஊர் மாறிப் போவது புத்திசாலித்தனம். அங்கே சிறு படகோடு தங்குமிடம் வாடகைக்குக் கிடைக்கிறது. 1980 அல்லது அதற்குப் பின் பிறந்தவர் எட்டு மீட்டருக்கு மேற்பட்ட படகையோ இருபத்தைந்து குதிரைச்சக்திக்கு மேற்பட்ட இன்ஜினையோ ஓட்டச் சான்றிதழ் வேண்டும். எட்டு மீட்டருக்குக் குறைந்த படகு ஓடிக்கொண்டிருக்கும்போது மிதவை அங்கி அணிவது 2015 முதல் கட்டாயம்.

சட்டம் கட்டாயப்படுத்தாத இடத்திலும் அதை அணியுங்கள். காட் பருவத்துத் தண்ணீர் ஐந்தாறு டிகிரி. விழுந்த முதல் நிமிடத்தில் மூச்சு கட்டுப்பாட்டை மீறி வாங்கும். பத்து நிமிடத்தில் விரல்கள் கயிற்றைப் பிடிக்க மறுக்கும். நன்றாக நீந்தத் தெரிந்தவருக்கும் இதே கணக்குதான். மூன்று வழிகளையும் ஒப்பிடும்போது இதையும் தட்டில் வையுங்கள்: மிதப்பில் ஆள் விழுந்தால் படகும் ஆளும் ஒரே நீரோட்டத்தில் போவார்கள், மீட்பது சற்று எளிது. நங்கூரத்தில் படகு நின்றுவிடும், ஆளை மட்டும் தண்ணீர் கொண்டுபோகும். மிதவை கட்டிய கயிறு கழற்றிவிடத் தயாராக இருந்தால்தான் பின்னாலேயே போக முடியும்.

ஒரே நாளில் மிதப்பு, நங்கூரம் இரண்டு வழியையும் கலந்து செய்யவும் இடமுண்டு. பழகியவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் செய்கிறார்கள். தண்ணீர் நிற்பதற்கு ஒரு மணி முன்னால் பாருக்குப் போய்ச் சேர்ந்து, நின்று மறுபடி ஓடத் தொடங்கும் வரை மிதக்கலாம். ஓட்டம் ஏறி, ஜிபிஎஸ் இரண்டு நாட்டைக் காட்டத் தொடங்கியதும் ஜிக்கை உள்ளே எடுத்துவிட்டுக் கரைப்பக்கம் மணல் தரைக்கு வந்து நங்கூரம் போட்டு இரை வைக்கலாம். பிடித்த மீனின் செவுளை அறுத்து இரத்தம் வடியவிட்டு, குடலை எடுத்து ஐஸில் வைக்க அந்த இடைவெளி சரியாக இருக்கும். ஆடும் படகில் கத்தி பிடிப்பதைவிட நங்கூரத்தில் நின்று செய்வது மேல்.

இந்தக் கலவையில் ஒரு இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். மதியத்துக்கு மேல் நீரோட்டம் திரும்பி, காற்றுக்கு எதிராக ஓடத் தொடங்கினால், அதுவரை அமைதியாக இருந்த கடல் அரை மணியில் செங்குத்தான குட்டை அலைகளாக மாறும். காற்றின் வேகம் கொஞ்சமும் கூடியிருக்காது, வானிலை அறிக்கையிலும் எதுவும் இருக்காது. துறைமுக வாயிலில் ஆழம் குறைந்த மணல்திட்டு இருந்தால் அங்கே இது இன்னும் மோசம். காலையில் கிளம்பும் முன் ஏற்றவற்ற அட்டவணையையும் காற்றின் திசையையும் பக்கத்தில் வைத்து, வாயிலில் இரண்டும் எதிரெதிராகும் நேரம் எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். நங்கூரத்தைத் தூக்க வேண்டிய நேரத்தை அதற்கு ஒன்றரை மணி முன்னால் வைத்து, ஒரு தாளில் எழுதி ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். மீன் கடித்துக்கொண்டிருந்தாலும் அந்த நேரத்துக்குக் கயிறு உள்ளே வந்தாக வேண்டும்.